கிடாவுக்குள் போன பலசரக்கு

கட்டையம்பட்டியில் மூன்று சகோதரர்கள் இருந்தார்கள் என்று ஆரம்பித்தால், ஏதோ ராஜகுமாரர்கள் என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். உட்கார வேண்டாம். செங்கல் சூளையில் வேலை பார்க்கிற மூன்று பேர்தான். மூத்தவன் சங்கிலி, நடுவிலான் ஒச்சு, கடைசி தவசி.

சோம்பேறிகளா? இல்லை. திருட்டு, புரட்டு, குடி? அதுவும் இல்லை. சொன்னதைச் செய்வார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே கோளாறு அதுதான். சொன்னதை மட்டும், சொன்னபடியே, ஒரு இம்மி பிசகாமல் செய்வார்கள்.

நான் பஸ் நிற்கிற ஊர் விலக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன். மூட்டை தூக்கி, ஏமாந்து, அடிபட்டு, அப்புறம் ஏமாறாமல் இருக்கப் படித்துக்கொண்டவன். மொத்தக் கடைக்காரன் எவனாக இருந்தாலும் மல்லுக்கட்டி விலையை இறக்கிவிடுவேன். இந்த மூன்று பேரிடம் மட்டும் நான் ஜெயித்ததே கிடையாது. எதிர்த்துப் பேசுகிறவனை மடக்கலாம். சரி சரி என்று தலையாட்டுகிறவனை என்ன செய்வது?

ஒரு நாள் தவசி கடைக்கு வந்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என் குடை அவர்கள் வீட்டில் கிடந்தது. "டேய், மழை வந்தா அந்தக் குடையை எடுத்துக்கிட்டு வாடா" என்றேன். போனவன் போனவன்தான். அன்றைக்கு மழை ஏமாற்றிவிட்டது. ஒரு மாசம் கழித்து, கொட்டுகிற மழையில், குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொப்பலாக நனைந்தபடி வந்து நின்றான். "ஏண்டா, விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வர வேண்டியதுதான?" என்று கத்தினேன். "எடுத்துக்கிட்டு வரத்தானண்ணே சொன்னீக" என்றான். அவன் சொன்னதிலும் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இந்த வீட்டை இத்தனை காலம் கட்டி மேய்த்தவள் சங்கிலியின் பெண்டாட்டி பஞ்சவர்ணம். மற்ற இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று நான் சொல்லவும் வேண்டியதில்லை.

அண்ணன் மகளுக்குச் சடங்கு என்று பஞ்சவர்ணம் போடிப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போனாள். அத்தைக்காரி போகாமல் முடியுமா? போனவள் சீரை இறக்கி வைத்தாள். மறுநாளே கொரோனா என்று சொல்லி நாட்டையே இழுத்துப் பூட்டிவிட்டார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை, சூளையும் இல்லை. அவள் அங்கே. இவர்கள் இங்கே. நடுவில் போலீஸ்.

எனக்குத்தான் முதலில் போன் வந்தது.

"அண்ணே, மூணு தடிமாடும் தின்னணும். அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் எல்லாத்தையும் வண்டியில ஏத்தி வீட்டு வாசல்ல இறக்கிடுங்க. எங்கண்ணன் போன்லயே பணம் அனுப்பிருச்சு."

"ஏத்திர்றேன் ஆத்தா."

"கறிவேப்பிலை சும்மாதான போடுவீக?"

"ஊரே அடைஞ்சு கெடக்கு. கறிவேப்பிலைக்கு நான் எங்க போக?"

"அப்ப அதுக்குப் பதிலா ஒரு தேங்காய் போட்டுருங்க."

"கறிவேப்பிலைக்குப் பதிலு தேங்காயா? ஏம்மா, நான் கடை நடத்துறேனா, சத்திரம் நடத்துறேனா?"

"நீங்கதான கறிவேப்பிலை இல்லன்னீக? இருந்தாக் கேப்பேனா?"

கடைசியில் தேங்காயும் போட்டேன், எங்கேயோ அலைந்து கறிவேப்பிலையும் போட்டேன். அந்த வீட்டில் மூளை என்று ஒன்று இருந்தால் அது முழுக்க இவளிடம்தான் இருந்தது. அதுவும் இப்போது போடியில் மாட்டிக்கொண்டது.

சாமானை இறக்கும்போது சங்கிலியின் போன் சத்தமாகப் பேசியது. தள்ளி நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"இங்க பாருங்க. போன தடவ கல்யாணத்துக்கு நான் போயிருந்தப்ப, மூணு பேரும் தூக்குச்சட்டியோட வீடு வீடாப் போயி நின்னீக. சோறாக்கி வைக்காத பொம்பளைன்னு ஊரே என்னயப் பேசுச்சு. இந்தத் தடவ எவ வீட்டுலயாச்சும் ஒரு கரண்டி குழம்பு கேட்டீகன்னு என் காதுல விழுந்துச்சு, நான் எங்கண்ணன் வீட்டுலயே இருந்துக்கிருவேன். திரும்பி வரவே மாட்டேன்."

சங்கிலியின் முகம் செத்துப்போயிற்று. பஞ்சவர்ணம் சந்தைக்குப் போனாலே பஸ் வரும் வரை விலக்கில் வந்து நிற்கிறவன் அவன். அவனுக்குப் பேயும் பயமில்லை, பாம்பும் பயமில்லை. அவள் வராமல் போய்விடுவாளோ என்பது ஒன்றுதான் பயம்.

"கேக்க மாட்டோம்" என்றான். தம்பிகளும் "கேக்க மாட்டோம் மதினி" என்றார்கள்.

"கருப்பசாமிக்கு நேந்துவிட்ட கிடாவைப் பட்டினி போட்டுறாதீக. அப்புறம், வெளியிலருந்து வந்த சாமான் எதுவா இருந்தாலும் சோப்புத் தண்ணியில கழுவிட்டு உள்ள எடுங்க. நோய் ஒட்டிக்கிட்டு வருதாம்."

கழுவினார்கள்.

பெரிய அண்டா நிறையத் தண்ணீர் வைத்துச் சோப்பை எடுத்தபோதே முதல் சிக்கல் வந்தது. ஒச்சு கையைத் தூக்கினான்.

"அண்ணே, இந்தச் சோப்பும் இப்ப கடையிலருந்துதான வந்துருக்கு? இதயும் கழுவணும்ல?"

"கழுவணும்."

"எதப் போட்டுக் கழுவ?"

"இன்னொரு சோப்பு இருக்குல்ல, அதப் போட்டு."

"அந்தச் சோப்பை?"

"இந்தச் சோப்பைப் போட்டு."

"இந்தச் சோப்பைத்தான் இன்னும் கழுவலயே" என்றான் தவசி.

மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறிவிட்டது. கடைசியில் சங்கிலிதான் வழி கண்டான். இரண்டு சோப்பையும் இரண்டு கையில் பிடித்து, ஒன்றை ஒன்று முந்திவிடாதபடி ஒரே நேரத்தில் உரசிக் கழுவினான். சோப்பு பாதியாயிற்று. மனசு நிறைந்தது.

அப்புறம் உப்பு. பொட்டலத்துக்குள்ளே கிருமி ஒளிந்திருந்தால்? பிரித்துக் கொட்டினார்கள். ஒச்சு முழங்கை வரை விட்டுத் துழாவினான்.

"உப்பக் காணோம்ணே."

"நல்லாப் பாருடா. அடியில தங்கியிருக்கும்."

"அடியில அண்டாதான் இருக்கு."

சங்கிலி எட்டிப் பார்த்தான். நுரைதான் இருந்தது. "லேசுப்பட்ட கிருமி இல்லடா இது" என்றான். "ஒரே மூச்சுல பூரா உப்பையும் தின்னுருச்சு."

"அவ்வளவு உப்பைத் தின்னா அதுக்குத் தாகம் எடுக்கும்லண்ணே?" என்றான் தவசி. "தண்ணி கொறையுதான்னு பாத்தாத் தெரிஞ்சுரும்."

பார்த்தார்கள். பங்குனி வெயிலில் அண்டாத் தண்ணீர் குறையாமல் என்ன செய்யும்? கொஞ்சம் குறைந்திருந்தது. மூன்று பேரும் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

சீனி போயிற்று. வெல்லம் போயிற்று. அப்பளம் உளுந்த மாவாகித் தன் பழைய பிறவிக்கே திரும்பிற்று. அரிசியும் பருப்பும் மட்டும் நின்றன. அரிசியில் கொஞ்சத்தை நுரையோடு அப்படியே எடுத்து உலையில் போட்டார்கள். நுரை கிளம்பிப் பானையைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, படியிறங்கி வாசலுக்கு வந்தது. நான் என் சைக்கிளில் அந்தப் பக்கம் போனேன். பங்குனி மாசத்தில் மூன்று ஆம்பளைகள் வாசலில் நின்று "பொங்கலோ பொங்கல்!" என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சோற்றைத் தின்றார்களா என்று கேட்காதீர்கள். தின்றார்கள். பேசும்போது வாயிலிருந்து நுரை முட்டை முட்டையாகப் பறந்தது.

பஞ்சவர்ணம் மறுபடி போன் போட்டாள். நடந்ததை ஒச்சு ஒளிக்காமல் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. பிறகு, "கழுவினது போதும். இனிமே கழுவாதீக. காய்கறியவாச்சும் வீணாக்காம ஆக்கித் தின்னுங்க. எது மொதல்ல கெட்டுப் போகுதோ அதை மொதல்ல ஆக்கிருங்க" என்றாள்.

எந்த வீட்டிலும் சொல்வதுதான். இந்த வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

நடுவீட்டில் பாயை விரித்து, தக்காளி, கீரை, வெண்டைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய், கடைசியில் சேனைக்கிழங்கு என்று வரிசையாக வைத்தார்கள். மூவரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"யாரு மொதல்ல?" என்றான் ஒச்சு.

"பேசாம இரு. கவனம் செதறும்."

"வெண்டைக்காய் லேசா வாடுதுண்ணே. ஆக்கிருவமா?"

"வாடுனாப் பத்தாதுடா. கெடணும். உங்க மதினி என்ன சொன்னா? கெட்டதைத்தான ஆக்கச் சொன்னா?"

"பசிக்குதுண்ணே."

"அதுகிட்டச் சொல்லு" என்று கீரையைக் காட்டினான் சங்கிலி.

மறுநாள் கீரை கொழகொழவென்று ஆகி, மூக்கைப் பிடிக்க வைத்தது. "வந்துருச்சு!" என்று குதித்துக் கொண்டுபோய்க் கடைந்தார்கள். அடுத்து தக்காளி. அடுத்து வெண்டைக்காய். ஒவ்வொன்றும் நல்லபடியாகக் கெட்ட பிறகே அடுப்பு ஏறிற்று. நல்ல காயைக் காவல் காத்து, அழுகின காயைச் சாப்பிட்டார்கள். வயிறு மூன்றும் மாறி மாறிக் கொல்லைப்பக்கம் ஓடியது. கிருமி உள்ளே புகுந்து உப்பைத் தேடுகிறது என்று தவசி சொன்னான்.

சேனைக்கிழங்குதான் சண்டித்தனம் பண்ணியது. நாள் ஆக ஆக இன்னும் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"இன்னைக்குப் பட்டினி" என்றான் சங்கிலி.

"ஏன், எல்லாம் தீந்துருச்சா?"

"இருக்கு. ஆனா ஒண்ணும் கெடல."

"என்னது?"

"நேத்து நல்ல சாப்பாடு. கத்தரிக்காய் அருமையாக் கெட்டிருந்துச்சு."

போனில் ஏதோ விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. பாத்திரமோ பஞ்சவர்ணமோ தெரியவில்லை. பிறகு அழுகையும் கோபமுமாக ஒரு குரல். "ஐயா, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்புடுறேன். இருக்கிற சாமானையாவது கெடாத எடமாப் பாத்துப் பத்திரமா வைங்க!"

மூன்று பேரும் யோசனையில் இறங்கினார்கள்.

"கிணத்துல எறக்கி வச்சா?" என்றான் தவசி.

"நனைஞ்சாக் கெட்டுரும்."

"குழி வெட்டி?"

"மண்ணுக்குள்ள போனா முளைச்சுரும். முளைச்சா அது வேற சாமான்."

"மச்சு மேல ஏத்திருவோம்" என்றான் ஒச்சு.

"எலி தின்னுரும்டா."

"தின்னா?"

"எலிக்குள்ள போயிரும்."

ஒச்சு வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான். "எலிக்குள்ள போனது கெடுமாண்ணே?"

"எலி உசுரோட இருக்கிற வரைக்கும் கெடாது" என்றான் சங்கிலி மெதுவாக.

"நாறாதுல்ல?"

"எந்த எலி நாறியிருக்கு? செத்தாத்தான நாறும்?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய பெரிய விஷயங்களைக் கண்டுபிடித்தவர்கள் முகம் அப்படித்தான் இருந்திருக்கும் போல.

"ஆனா எலி சின்ன எடம்ணே" என்றான் தவசி. "இவ்வளவு சாமான் பிடிக்காது."

கொல்லையில் கிடா கத்தியது.

அதற்குப் பிறகு விவாதமே இல்லை. கிடா பெரிய இடம். கருப்புக்கு நேர்ந்துவிட்டது, அதனால் எந்தத் திருடனும் கை வைக்க மாட்டான். எறும்பு ஏறாது. மழை பெய்தால் வெளியேதான் நனையும், உள்ளே நனையாது. "எடம் மாத்தணும்னா நாம தூக்க வேண்டாம். தானா நடந்து வரும்" என்றான் ஒச்சு. சரக்கு சேர்த்து வைக்க இப்படி ஒரு கிட்டங்கி எனக்குக் கிடைத்திருந்தால் நான் என்றைக்கோ மாடி வீடு கட்டியிருப்பேன்.

அடுக்குவதில் சங்கிலி கெட்டிக்காரன். கனமான சாமான் அடியில் இருக்க வேண்டும், அடிக்கடி தேவைப்படுவது மேலே இருக்க வேண்டும். அதனால் சேனைக்கிழங்கை நறுக்கி முதலில் கொடுத்தார்கள். அப்புறம் அரிசி, பிறகு துவரம்பருப்பு, கடலைப்பருப்பு. கடைசியாக மேலாகக் கறிவேப்பிலை. ஒரேயடியாகத் திணித்தால் நசுங்கிவிடுமென்று, சில நாள் வைத்து நிதானமாக ஏற்றினார்கள். எண்ணெயை மட்டும் கிடா முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தேங்காயை அது முட்டி உருட்டி விளையாடியது. அவை இரண்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

"எல்லாம் பத்திரமா இருக்கு. ஒண்ணு கூடக் கெடல" என்று சங்கிலி போனில் சொன்னான். "இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றாள் அவள். எங்கே வைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வான்.

தேங்காயை உடைத்து ஒரு நாள் ஓட்டினார்கள். மறுநாள் பசி வந்தது. சங்கிலி அரிசி புடைக்கிற சொளகை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், கிடாவின் முன்னால் நின்றான். இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான்.

"எடுக்கிறது எப்படின்னு யோசிக்கலயேடா" என்றான்.

"வெட்டித்தான் எடுக்கணும்" என்றான் ஒச்சு.

"நேந்துவிட்ட கிடாவைக் கோயில்ல வச்சுத்தானடா வெட்டணும்? வீட்டுல வெட்டுனாக் கருப்பு நம்மளை வெட்டிரும்."

"அப்பக் கோயிலுக்குப் பத்திக்கிட்டுப் போவோம்."

பூசாரிக்குப் போன் போட்டார்கள். "கோயிலையே பூட்டச் சொல்லிட்டாங்கப்பா. சாமிக்கே பொங்கல் இல்ல, உனக்கு என்ன அவசரம்?" என்றார் அவர்.

"அரிசி எடுக்கணும் சாமி" என்றான் சங்கிலி.

பூசாரி போனை வைத்துவிட்டார்.

ஆக, பலசரக்கு கிடாவுக்குள்ளே. கிடா நேர்த்திக்கடனுக்குள்ளே. நேர்த்திக்கடன் கோயிலுக்குள்ளே. கோயில் பூட்டுக்குள்ளே. மூன்று பேரும் ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு கிடாவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தக் கோலத்தில்தான் நான் பார்த்தேன். கடையில் காய் வாங்க ஆளில்லாமல் வாடுகிறதே, கொஞ்சம் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனவன், வேலிக்கு வெளியே நின்று விஷயத்தைக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"அட மடப் பயலுகளா! நான் வித்தது அரிசிடா! மனுசன் தின்கிற அரிசி! அதை ஆட்டுக்குப் போட்டுட்டு ஆட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீகளே!"

"ஆட்டுக்குப் போடலண்ணே. ஆட்டுல வச்சிருக்கோம்" என்றான் சங்கிலி பணிவாக.

மூன்று பேருக்கும் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. கிடா மட்டும் மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. மனசு கேட்கவில்லை. கடைக்கு ஓடி ஒரு சாக்கு அரிசியும் பருப்பும் உப்பும் எடுத்து வந்து வேலியோரம் வைத்தேன்.

"எடுத்துப் பொங்கித் தின்னுங்கடா."

யாரும் அசையவில்லை. ஒச்சுவின் கண் சாக்கின் மேல் இருந்தது. சங்கிலியின் கண் போன் மேல் இருந்தது.

"வேண்டாம்ணே. பஞ்சவர்ணம் யாருகிட்டயும் கேக்கக் கூடாதுன்னுருக்கா. கேட்டா வர மாட்டா."

"நீ எங்கடா கேட்ட? நானாத்தானடா குடுக்கிறேன்!"

"நாளைக்கு அவ வந்து, 'அவரு ஏன் குடுத்தாரு'ன்னு கேப்பா. 'நீங்க பசியோட மூஞ்சியக் காட்டியிருப்பீக'ன்னு சொல்லுவா. மூஞ்சியக் காட்டுறதும் கேக்கிறதுதானண்ணே?" அவன் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "பசியத் தாங்கிருவேன். அவ வராமப் போனாத் தாங்க மாட்டேன்."

இவனோடு நான் எப்படிச் சண்டை போடுவது? அப்போது கிடாவுக்குப் பின்னால் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். என் வியாபாரப் புத்தி வேலை செய்தது.

"சரிடா. தானம் வேண்டாம். யாவாரம் பண்ணுவோம். என் கடைக்குப் பின்னால கத்தரிச் செடி போட்டுருக்கேன். உரத்துக்கு ஆட்டுப் புழுக்கை வேணும். ஒரு கூடை புழுக்கை குடு, ஒரு படி அரிசி தர்றேன். கேட்டு வாங்குறது இல்ல, வித்து வாங்குறது. உம் பொண்டாட்டி என்ன சொல்லிருவா?"

மூவரும் தலையைச் சேர்த்து வைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். சங்கிலி நிமிர்ந்தான்.

"ஒரு படி கட்டாதுண்ணே."

"என்னது?"

"நீங்க சாதாரணப் புழுக்கைன்னு நெனச்சுப் பேசுறீக. இது தழை தின்ன புழுக்கையா?" தவசி ஒரு கை அள்ளிக் காட்டினான். "இந்தா, இந்தக் குவியல் பூரா சேனைக்கிழங்கு. அந்தா, அது பொன்னி அரிசி. இந்த ஓரத்துல இருக்கிறது துவரம்பருப்பு. வாசம் பாருங்க."

"வாசம் பாக்கணுமா? டேய், எனக்கே வெல பேசக் கத்துக் குடுக்கிறியா? முக்காப்படி தர்றேன். அதுவும் எரக்கப்பட்டு!"

"அண்ணே" என்றான் சங்கிலி, வருத்தத்தோடு. "எல்லாமே உங்க கடைச் சரக்கு. முதல் தரம்னு சொல்லித்தான் பஞ்சவர்ணத்துக்கிட்ட வித்தீக. இப்ப மட்டம்னு சொன்னா, அப்ப மட்டமான சரக்கையா குடுத்தீக?"

தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. என் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் தரம் என்று ஒப்புக்கொண்டு, கூடைக்கு இரண்டு படி அரிசியும் பருப்பும், மேலுக்கு உப்பும் கொடுத்துவிட்டுப் புழுக்கையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனேன். "அரிசியை அண்டாவுல முக்காத, ஆட்டுக்குப் போடாத. நேரா பானையில போடு." சாக்கோடு பானையில் போட்டுவிட்டார்கள். அதைப் பெரிய நஷ்டம் என்று நான் கணக்கில் எடுக்கவில்லை. சோறு வெந்தது, சாக்கும் வெந்தது, சோற்றைத் தின்றார்கள்.

இப்படியே ஓடியது. கிடாவுக்குள்ளே இருந்தது கூடை கூடையாக என் கத்தரிச் செடிக்கு வந்தது. என் கடைச் சரக்கு பானைக்குப் போயிற்று. கத்தரிக்காய் மட்டும் தொடை மாதிரி காய்த்தது. அதைப் பற்றி நான் வெளியே சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, பாஸ் வாங்கிக்கொண்டு ஒரு வாழைக்காய் லாரியில் பஞ்சவர்ணம் வந்து இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனையிலேயே நின்று குரல் கொடுத்தாள்.

"எவ வீட்டுலயாச்சும் வந்து நின்னாகளா? மறைக்காமச் சொல்லுங்கத்தா!"

"சத்தியமா இல்லடி!" என்றாள் எதிர்வீட்டு மாயக்கா. "புழுக்கை வித்துல்ல கஞ்சி குடிச்சாக உன் வீட்டு ஆளுக. முதல் தரமாம். வெல கூடுதல்."

பஞ்சவர்ணம் வீட்டைப் பார்த்தாள். வாசலில் அவளுடைய புருசனும் கொழுந்தன்மாரும் மூன்று விறகுக் குச்சிபோல நின்றார்கள். பக்கத்தில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கிடா. எங்கே வைத்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. முந்தானையை வாயில் வைத்து அழுதாளா, சிரித்தாளா, எனக்குத் தெரியவில்லை. "வந்துட்டேன்யா. இனிமே எங்கயும் போக மாட்டேன்" என்று நடக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் ஊர் நர்சம்மா ஸ்கூட்டரில் வந்து குறுக்கே நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் பதினாலு நாள் தனியாக இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் மற்றவர்கள் வெளியே. கதவில் ஒரு நோட்டீசும் ஒட்டிவிட்டுப் போயிற்று.

பஞ்சவர்ணம் உள்ளே போனாள். மூன்று பேரும் எதிரே தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார்கள். அவள் சமைத்து ஜன்னல் வழியாக வைப்பாள். இவர்கள் வாழை இலையில் வாங்கிக்கொள்வார்கள். உப்பு உப்பாக இருந்தது. கத்தரிக்காய் கத்தரிக்காயாக இருந்தது. சங்கிலி ராத்திரியும் ஜன்னலடியிலேயே தலைவைத்துப் படுத்தான். கன்னம் மறுபடி உப்பியது.

தனிமை நாள் முடிந்தது. நர்சம்மா வந்து நோட்டீசைக் கிழித்தது. பஞ்சவர்ணம் குளித்து, வாசல் தெளித்து, கதவை அகலத் திறந்தாள். நானும் மாயக்காவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உள்ள வாங்க. சோறு வடிச்சாச்சு."

யாரும் எழுந்திருக்கவில்லை. சங்கிலி தொண்டையைச் செருமினான்.

"எப்படி வர்றது பஞ்சவர்ணம்?"

"காலாலதான்!"

"அதுக்கில்ல. நீ இத்தன நாளா உள்ள இருந்தவ. உனக்கு ஒண்ணும் இல்லன்னு நர்சம்மாவே சொல்லிருச்சு. நாங்க வெளிய கெடந்தவங்க. வெளியிலருந்து வர்றவங்க தனியா இருக்கணும். அதனால நாங்க உள்ள போறோம். நீ வெளிய வந்துரு."

"நான் வெளிய வந்தா?"

"எங்க நாள் முடியிறப்ப நீ வெளிய இருந்தவளாயிருவ. அப்ப நீ உள்ள போ. நாங்க வெளிய வந்துருவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் நாங்க உள்ள" என்றான். தம்பிகளோடு உட்கார்ந்து வெகு நாளாகக் கணக்குப் போட்டிருப்பான் போல. முகமெல்லாம் வெளிச்சம். "இப்படியே மாத்தி மாத்தி இருந்துட்டா, நடுவுல ஒரு சன்னல்தான். நீ நெனச்சாலும் உங்கண்ணன் வீட்டுக்குப் போக முடியாது. நேரமே இருக்காது. சாகுற வரைக்கும் பிரியவே வேண்டியதில்ல."

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் வெளியே வந்து தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் வரிசையாக உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். பிறகு ஜன்னலில் சங்கிலியின் முகம் தெரிந்தது.

"பஞ்சவர்ணம், சாப்பிட்டியா?"

"இல்ல."

"இலையை நீட்டு."

"எலை தீந்துருச்சு. தட்டு எல்லாம் உள்ளதான் இருக்கு. ஒண்ணை எடுத்து வெளிய குடுங்க."

சங்கிலி உள்ளே திரும்பினான். வெகுநேரம் குசுகுசுவென்று சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகிற்று. கதவைத் திறந்துகொண்டு மூன்று பேரும் கவலையோடு நின்றார்கள்.

"தட்டு வெளிய வந்தா அதையும் தனியா வைக்கணும். அதுவரைக்கும் நீ பசி தாங்க மாட்ட" என்றான் சங்கிலி. "பேசாம நீ உள்ள வந்து எங்ககூட உக்காந்து சாப்பிட்டுட்டு, மறுபடி வெளிய போயிரு."